வாதம் எண்டு பேர் வைச்ச நோ

அண்ணையை நினைச்சால் எனக்கு இப்பவும் பத்திக்கொண்டு வருது. அவர் கூடாத ஆளெண்டால் திட்டிப்போட்டுப் பேசாமல் இருந்திடலாம். அம்மாவில உயிர். அந்த உயிர்தான் அவவை அந்தப் பாடு படுத்தினது.

அம்மாவுக்கு நுரையீரல்ல தொடங்கின கான்சர் இடுப்பெலும்புக்குப் போயிட்டுது. ‘சொன்னால் மனம் விட்டிடுவா’ எண்டு அண்ணை அவவுக்கும் ஊருக்கும் வாதம் எண்டு சொல்லி வைச்சார். வாதம் எண்டால் எங்கட சனம் சும்மா வருமோ? ஆளாளுக்கு எண்ணெய்ப் போத்தலோட, அம்மா இருந்த ரூஜ் பக்கத்து அண்ணை வீட்டுக்கு வந்திச்சினம். ஒரு அன்ரி இடுப்பைப் பிடிச்சு உருவியும் விட்டா. அம்மா பல்லைக் கடிச்சுக்கொண்டு, “சுகமா இருக்கு” எண்டா. கடவுளே!

படுக்க ஏலாது. செற்றியில இருந்தபடிதான் நித்திரை. “ஒருக்கா நீட்டி நிமிந்து படுத்தால் காணும் பிள்ளை” எண்டு ஃபோனில சொல்லுவா. அவ கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் டொக்டரிட்டைப் போறதெண்டால் நல்ல சீலை, பவுடர், பொட்டு. இடுப்பு நோ எவ்வளவு எண்டு டொக்டர் கேட்டால் ஒரு சிரிப்பு, “பரவாயில்லை.” அண்ணை அதை அப்பிடியே இங்கிலிசில சொல்லுவார். டொக்டர் என்ன சாத்திரியோ, கண்டுபிடிக்க?

ஒருநாள் அண்ணைக்கு லீவு கிடைக்கேல்லை. நான் விட்பியில இருக்கிற என்ர வீட்டில இருந்து வந்து கூட்டிக்கொண்டு போனன். அம்மா கதிரையில ஒரு பக்கமாச் சரிஞ்சு இருக்கிறதைக் காட்டி, இருந்தபடிதான் நித்திரை கொள்ளுறா எண்டன். டொக்டர் திகைச்சுப் போனார். “இடுப்பில மட்டும், ஒரே ஒருதரம் கதிர் பாய்ச்சினால் காணும். வருத்தம் மாறாது, நோ குறையும். போனமுறையே சொன்னனான். மகன் வேண்டாமெண்டிட்டார்” எண்டார்.

அண்ணை ஏன் வேண்டாமெண்டார் எண்டு எனக்கு உடன விளங்கிச்சுது. எங்கட ஆக்கள் அதைக் ‘கரண்ட் பிடிக்கிறது’ எண்டுதான் சொல்லுவினம். கான்சருக்குத்தான் அது எண்டு அம்மாவுக்கும் தெரியும். கரண்ட் பிடிப்பமோ எண்டு கேட்டால், கான்சர் எண்டு சொன்ன மாதிரித்தான். நான் கேட்டன்.

“அம்மா, கரண்ட் பிடிச்சால் நோ குறையுமாம். பிடிப்பமோ?”

அம்மா கதிரைக் கையைப் பிடிச்சு நிமிந்து இருந்தா. பிறகு, “எப்பவாம்?” எண்டா.

கார் பார்க்கில நிண்டு அண்ணைக்கு ஃபோன் அடிச்சன்.

“உனக்கென்ன விசரே? அம்மா விளங்கிக்கொண்டிருப்பா!”

“விளங்கட்டும் அண்ணை! நோகிறது உங்களுக்கில்லை, அவவுக்கு!”

கரண்ட் பிடிச்சு முதல் ரெண்டு நாளும் நோ கூடிச்சுது. அப்பிடி வரலாமெண்டு முதலே சொல்லித்தான் விட்டவை. அண்ணை மட்டும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. பிறகு மெல்ல மெல்லக் குறைஞ்சு, ரெண்டு கிழமையால அம்மா கட்டில்ல நீட்டி நிமிந்து படுத்தா. நான் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதன்.

அந்தச் சனிக்கிழமை எண்ணெய் அன்ரி வந்தா. அண்ணை தேத்தண்ணி கொண்டுவந்து, “உங்கட எண்ணெய் நல்லாக் கேட்டிருக்கு அன்ரி, வாதம் குறைஞ்சிட்டுது” எண்டார்.

அம்மா படுத்தபடியே தலையைத் திருப்பினா.

“வாதமில்லை, கான்சர். கரண்ட் பிடிச்சுத்தான் குறைஞ்சது. எத்தினை நாள் இருந்தபடி நித்திரை கொண்டனான் எண்டு உவனைக் கேளுங்கோ.”