ரபீகாவும் வேகமான மாஸ்டரும்

“இது என்ன பாஷை மிஸ்?”

ஃபோனை மேசைக்குக் குறுக்கே அலுவலரிடம் நீட்டிப் பிடித்தபடி கேட்டார் ரபீகா. அதிலிருந்து ஒரு குரல், “ஜே, கே, பீ, ஓ, செமிகோலன்” என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனது. அது வாசித்துக்கொண்டிருந்தது ஓர் அரச அலுவலக இணையத்தளத்தின் தமிழ்ப் பக்கத்தை. கண்ணால் பார்த்தவர்களுக்கு அங்கே அழகான தமிழ் இருந்தது. காதால் கேட்டவருக்குத் தமிழில் ஒரு சொல்கூட இல்லை. ஏன் என்று அப்போது அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை, இதை எழுதுகிறவருக்கும்தான்.

ரபீகா கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடவில் இருக்கிறார். கராம்பும் சாதிக்காயும் மிளகும் காயவைத்துப் பாக்கெட் போட்டு விற்பது தொழில். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே பார்வை போய்விட்டது. அதைப் பற்றி உட்கார்ந்து பேச அவருக்கு நேரமில்லை. ஃபோன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலுக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறார். மாஸ்டரை அவர் ஓடவிடும் வேகத்தில், கண்டி பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு ஏதோ வண்டு போத்தலுக்குள் மாட்டிக்கொண்டதுபோலத்தான் கேட்கும். ரபீகாவோ அதைக் கேட்டுக்கொண்டே கொண்டக்டரிடம் மிச்சக் காசும் கேட்பார்.

திரையை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார். “பெட்டரியும் மிச்சம். எட்டிப் பாக்கிறவங்களுக்கும் ஒன்டும் கெடைக்காது.” இயர்ஃபோன் ஒரு காதில் மட்டும். “மத்தக் காது மனிசருக்கு” என்பார். பார்வை இல்லை என்று தெரிந்ததும் சிலர் சத்தம் போட்டுப் பேசத் தொடங்குவார்கள். அவர்களிடம் ரபீகா தாழ்ந்த குரலில், “மெதுவாப் பேசுங்க, காது இன்னம் நல்லா ஈக்கிது” என்பார். அதைக் கேட்டுச் சிரிக்காமல் போனவர் இல்லை.

அவருக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டியிருந்தது. அந்த அரச அலுவலகம் கண்டியில் நடத்தும் வார இறுதிச் சந்தையில் போன முறை ரபீகாவுக்கு ஒரு கடை கிடைத்தது. ஆனால் இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் கணவரின் தம்பி பளீல். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். ‘விண்ணப்பதாரர் பெயர்’ என்ற இடத்தைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் தன் பெயரையே போட்டுவிட்டார். கடைக்கு மேலே ‘பளீல்’ என்று பலகை தொங்கியது. அதன் கீழே நின்று ரபீகா பருவம் முழுக்க வியாபாரம் செய்தார். வந்தவர்கள் எல்லாரும், “முதலாளி எங்கே?” என்று கேட்டார்கள்.

இந்த முறை விண்ணப்பத்தைத் தானே போடுவது என்று தீர்மானித்தார். தளத்தைத் திறந்தால் மாஸ்டர் உளறுகிறார். முடிவுத் திகதியோ அந்த வெள்ளிக்கிழமை. அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். “ஒங்கட சைட் என்னோட பேச மாட்டேங்குது.”

ஃபோனை எடுத்தவர் தளத்துக்குப் பொறுப்பான சஞ்சீவனி. குண்டசாலையிலிருந்து வேலைக்கு வருகிற இளம் அலுவலர். வேறு யாராவது என்றால், “கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, நாங்க நிரப்பித் தாறோம்” என்றிருப்பார்கள். சஞ்சீவனி, “வந்து காட்டுங்களேன் ராத்தா, என்னன்னு பார்ப்போம்” என்று அக்கா முறை வைத்து அழைத்தார். அப்படித்தான் ரபீகா அந்த மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

பக்கத்து மேசையில் தியாகராஜா. தெல்தோட்டைக்காரர். தளத்தின் தமிழ் முழுவதும் அவர் தட்டச்சு செய்தது. உளறலைக் கேட்டு அவருக்கு ரோசம் வந்துவிட்டது. “ஒரு பிழை காட்டுங்கம்மா பார்ப்போம். காட்டிட்டா இன்னைக்கு நான் டீயே குடிக்கல.”

சஞ்சீவனி அந்தப் பக்கத்தில் ஒரு வரியைப் பிரதி எடுத்துத் தன் ஃபோனுக்கு அனுப்பிப் பார்த்தார். தமிழாகப் புறப்பட்டது, வந்து சேரும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக இருந்தது. எட்டிப் பார்த்த தியாகராஜா நெற்றியில் கைவைத்தார்.

“அட, இது என் பழைய எழுத்துருவால வந்த வேலை. கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாத காலத்துல, ஆங்கில எழுத்து மேல தமிழ் உருவத்தை ஒட்டிக் குடுத்தாங்க. கை அதுலயே பழகிடுச்சு. பார்க்கத் தமிழ். மெஷினுக்கு அது இன்னமும் ஆங்கிலம்தான்.”

“அப்ப வெளிய சாரி, உள்ள கவுன்” என்றார் ரபீகா. “எங்கட மாஸ்டர் உள்ளதச் செல்லிட்டார். நீங்க டீயக் குடிங்க சேர், எழுத்துல பிழ இல்லயே.”

தியாகராஜா சிரித்துவிட்டு டீயைக் குடித்தார். பிறகு விசைப்பலகையை இழுத்துக்கொண்டார்.

மாற்றித் தரும் மென்பொருளைச் சஞ்சீவனி ஓடவிட்டார். அது பாதியைச் சரியாக மாற்றி, மீதியில் கொம்பையும் காலையும் இடம் மாற்றி வைத்தது. அதனால் தியாகராஜா புதிய முறையில் விரல்களைத் தடுமாறவிட்டுத் திருத்துவார், ரபீகா கேட்பார். பிழை வந்தால் மேசையில் ஒரு தட்டு. ஒரு தடவை, “ஒரு பந்தியையே விட்டுட்டீங்க சேர்” என்று தட்டினார். மறுபடி கேட்டால் பந்தி அங்கேயே இருந்தது. மாஸ்டரை அவர் ஓடவிட்ட வேகத்தில் தாண்டிப் போயிருந்தது.

“மெதுவா ஓட்டுங்கம்மா, கடுகண்ணாவ எறக்கத்துல பஸ் போற மாதிரி போறீங்க” என்றார் தியாகராஜா.

“சரி சேர், இது என்ட பிழ. எனக்குத்தான் இன்னைக்கு டீ இல்ல.”

பக்கத்தின் அடிக்குப் போனதும் மாஸ்டர், “பட்டன், பட்டன், பட்டன்” என்றார். ரபீகா முகத்தைச் சஞ்சீவனி பக்கம் திருப்பினார். “மூனு புள்ள பெத்திருக்கீங்க, ஒன்டுக்காவது பேர் வெச்சீங்களா? என்ன உம்மா நீங்க?”

சஞ்சீவனி சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்றுக்கும் பெயர் வைத்தார்: சேமிக்க, திருத்த, அனுப்ப. அடுத்து, ‘படத்தில் உள்ள எழுத்துகளைத் தருக’ என்று ஒரு பெட்டி. மாஸ்டர் “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதை எடுத்துவிட்டு, ஃபோனுக்குக் குறுஞ்செய்தியாக இலக்கம் வருவதுபோல மாற்றுவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டியிருந்தது. சஞ்சீவனி மாடிக்கும் கீழ்த்தளத்துக்குமாக ஓடினார். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அனுமதி வந்து, பெட்டியும் மாறியது.

அன்று ரபீகாவுடன் பளீலும் வந்திருந்தார். ரபீகா விண்ணப்பத்தைத் திறந்ததுமே, “மதினி, நேரம் போகுது. தாங்க, நான் டக்கெண்டு போட்டுத் தாறன்” என்று கையை நீட்டினார்.

“நீங்க டக்கெண்டு போட்டதாலதான் தம்பி நான் ஒங்கட கடைல வேல செஞ்சேன்.”

பளீல் கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தியாகராஜா கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரபீகாவின் விரல் கறுப்புத் திரையில் வழுக்கிக்கொண்டே போனது. வண்டுச் சத்தம் ஓடியது, நின்றது, ஓடியது. குறுஞ்செய்தி வந்தது. இலக்கத்தைப் போட்டார். ‘அனுப்ப’ என்று மாஸ்டர் சொன்ன இடத்தில் இரண்டு தரம் தட்டினார்.

சுற்றி இருந்த யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. “போயிட்டுதா?” என்று கேட்டார் பளீல்.

ரபீகா இயர்ஃபோனைக் கழற்றினார். மாஸ்டரின் வேகத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார், சத்தத்தைக் கூட்டினார். பிறகு ஃபோனை மேசை நடுவில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார்.

“உங்கள் விண்ணப்பம் கிடைத்தது” என்றது குரல், எல்லாருக்கும் விளங்கும்படி, ஆற அமர. “விண்ணப்பதாரர் பெயர்: ஸரூக் ரபீகா.”

அவர் மறுபடியும் தட்டி, இன்னொரு தரம் சொல்ல வைத்தார்.

இதை வாசித்தவர்கள் தயவுசெய்து இன்னொருவருக்கும் அனுப்புங்கள். பக்கத்தைப் படம் பிடித்து மட்டும் அனுப்ப வேண்டாம். எழுத்தாக அனுப்புங்கள், அல்லது உங்கள் குரலில் வாசித்து அனுப்புங்கள். படமாகப் போனால் அலவத்துகொடவில் மாஸ்டர் “படம்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்.