எனக்காக அக்கா கேட்ட ஏலம்

போன மாதம் லீவுக்கு வந்த என் மகள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தாள். குடும்பத்தோடு உட்கார்ந்து ஆடுகிற ஏல விளையாட்டாம். மடிக்கிற அட்டை, காசுத்தாள், சீட்டுகள், ஏலம் முடிந்ததும் தட்டுவதற்கு ஒரு சின்ன மரச் சுத்தியல். பிரித்ததும் நான் செய்த முதல் வேலை, அட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தது.

"அம்மா, அது திங்கிற சாமான் இல்லம்மா" என்று மகள் சிரித்தாள்.

என்ன செய்ய? பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, கல்யாணம் ஆகும்வரை ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்துக் காய் பொறுக்கியவள் நான். போடியில் எங்களைப் போன்றவர்களுக்குச் சோப்பு வாங்கினாலும் சேலை வாங்கினாலும் மூக்குத்தான் முன்னால் போகும். அந்தப் பெட்டியில் புதுப் பசையும் பிளாஸ்டிக்கும் மணத்தன. அதற்கு அடியில், நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், எங்கள் பழைய பெட்டியின் அட்டை வாசனையும் லேசாக இருந்தது.

பழைய பெட்டியைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டினார். ஒருமுறை மதுரைப் பொருட்காட்சிக்குப் போனவர், அப்போது போடிக்கு ஓடிய சின்ன ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கி, பெட்டியை மட்டும் நசுங்கவிடாமல் தலைமேல் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே கப்பல், ஓட்டல், சினிமாக் கொட்டகை, மாட்டுவண்டி என்று படம் போட்ட சீட்டுகள். எப்படி ஆடவேண்டும் என்பது முழுக்க இங்கிலீஷில் இருந்தது. அக்கா அப்போது பிளஸ் ஒன். எழுத்துக்கூட்டிப் பாதி படித்துச் சொன்னாள். மீதியை அப்பா சொந்தமாகப் போட்டுக்கொண்டார்.

அப்பாவுக்கு ஏலக்காய் ஏலம் நடக்கும் இடத்தில் வேலை. ஒவ்வொரு சரக்கிலிருந்தும் கையளவு காய் அள்ளித் தட்டில் போட்டு, வட்டமாக உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளிடம் மாதிரி காட்டவேண்டும். அவர்கள் நிறம் பார்ப்பார்கள், ஒன்றை உரித்து வாயில் போடுவார்கள், மிச்சத்தைத் தரையில் கொட்டிவிட்டுச் சத்தம் போட்டு விலை கேட்பார்கள். நாள் முழுக்க அந்தக் காய்களை மிதித்து நடந்த அப்பாவின் பாதம் சாயங்காலம் பாயசம் மாதிரி மணக்கும். இதைச் சொன்னால் என் மகள் முகத்தைச் சுளிக்கிறாள். அப்படிப்பட்ட மனிதரிடம்போய் மாமா, சீட்டைக் கவிழ்த்து வைத்து விலை கேட்கவேண்டும் என்றார்.

"மாதிரி பாக்காம வெல கேக்குறதா? எந்த ஊரு நியாயம் மாப்ளே இது?"

"மாமா, கப்பலுக்கு மாதிரி நா எங்கிட்டுப் போயி கொண்டார?" என்றார் மாமா. அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

அப்பா யோசித்தார். மறுநாள் அம்மாவிடம் காலித் தீப்பெட்டிகளை வாங்கி, சீட்டுக்கு ஒன்றாக அடுக்கினார். கப்பலுக்கு நல்ல பருமனான பச்சைக் காய் ஒன்று. ஓட்டலுக்கு அதைவிட ஒரு சுற்றுச் சின்னது. மாட்டுவண்டிக்கு வெளுத்து வாய் பிளந்த காய். சீட்டு கவிழ்ந்தே இருக்கும். தீப்பெட்டியை ஆளாளுக்குத் திறந்து பார்த்து, முகர்ந்து, மூடிக் கொடுத்துவிட்டு விலை கேட்கவேண்டும். காசுத்தாள்கள் ஆடிக்காற்றில் ஒவ்வொன்றாகப் பறந்து போனபிறகு புளியங்கொட்டைதான் காசு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு உட்கார்ந்தால் நாலு மணிவரை ஆட்டம்தான்.

இத்தனை வருஷம் ஏலக்காயோடு பிழைத்தவர், காய் நாள்பட்டால் வெளுத்துப்போகும் என்பதை எப்படி மறந்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஐப்பசியில் வைத்த காய்கள் தைக்குள் எல்லாம் சுருங்கி ஒரே நிறமாகிவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் சீண்டாத சோகைக் காய் ஒன்றை அம்மா பாவப்பட்டு ஐந்து புளியங்கொட்டைக்கு எடுத்தாள். சீட்டைத் திருப்பினால் கப்பல். மாமா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா சீட்டை அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, "இத வச்சு நா என்ன செய்ய, தண்ணி புடிக்கவா? எனக்கு அந்த மாட்டுவண்டியக் குடு தம்பி, வெறகாச்சும் ஏத்தலாம்" என்றாள். அன்று அப்பா சிரித்ததுபோல் அதற்கப்புறம் சிரித்து நான் பார்க்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு வாய் திறந்து விலை கேட்க வராது. வீட்டு ஆட்கள்தான், பழகிய முகங்கள்தான். இருந்தாலும் நாலு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் பாயின் கோரையைப் பிய்க்க ஆரம்பித்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" சொல்லாமலே எத்தனையோ நாள் ஆப்சென்ட் வாங்கியிருக்கிறேன். மாமா என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவார்.

இதற்கு அக்காதான் வழி கண்டுபிடித்தாள். பாயில் என்னை ஒட்டி உட்காருவாள். பாவாடைக்கு அடியில் என் கால் பெருவிரலால் அவள் விரலை ஒரு தரம் அழுத்தினால், கூட்டிக் கேள் என்று அர்த்தம். இரண்டு தரம் அழுத்தினால், வேண்டாம், விட்டுவிடு. "பாப்பாவுக்குப் பதினஞ்சு" என்று எனக்காகச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் "எனக்குப் பதினெட்டு" என்று என்னையே மடக்குவாள். நான் மறுபடி அழுத்துவேன். "பாப்பாவுக்கு இருவது." யாரும் குறுக்கே வராமல் அவளுக்கும் அவளுக்கும் நடக்கிற ஏலத்தைப் பார்த்து மாமா பொறுமை இழப்பார்.

"என்ன மாமா இது, ஒரே ஆளு ரெண்டு தொண்டைல கத்துது!"

"விடு மாப்ளே, ரெண்டும் ஒரே வயித்துல வந்ததுதான" என்பார் அப்பா.

அப்பாவிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தரத்துக்கு முன்னால் நிறுத்துவார். வட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். வேலை செய்யும் இடத்தில் ஏலம் விடுகிறவரைப் பார்த்து வந்த பழக்கம். அங்கே வாய் திறக்காமல் புருவத்தை மட்டும் தூக்குகிற வியாபாரிகள் இருந்தார்களாம். அவர்களைப் பார்க்கத் தவறினால் சண்டை வரும். அதனால் எங்களையும் அப்படித்தான் பார்ப்பார். கடைசியாக என் முகத்துக்கு வந்து கொஞ்சம் கூடுதலாக நிற்பார். "சொல்ல இருக்கவுக சொல்லிருங்க. பெறகு வருத்தப்படக் கூடாது."

அக்கா பிளஸ் டூ பாஸ் செய்தாள். எங்கள் தெருவில் அதுவே பெரிய சேதி. டீச்சர் டிரெய்னிங் சேர அவளுக்கு ஆசை. கூடப் படித்த பெண் மூலமாக ஒரு விண்ணப்ப பாரம் வரவழைத்து, அழகான கையெழுத்தில் நிரப்பி, விளையாட்டுப் பெட்டிக்குள் அட்டைக்கு அடியில் வைத்திருந்தாள். பரணிலிருந்து பெட்டியை எடுப்பது என் சோலி என்பதால் எனக்கு மட்டும் தெரியும். "நல்ல நேரமா பாத்து அப்பாட்டச் சொல்றேன். நீ வாயத் தொறக்காத" என்றாள். அதை என்னிடம் சொல்லியிருக்கவே வேண்டாம்.

அதற்குள் மாமா மலைமேல் கேரளத்துப் பூப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்துவிட்டார். மாப்பிள்ளை ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர். ஒரு குறை சொல்லமுடியாது. சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நாங்கள் வழக்கமாக ஆடுகிற அதே பாயை விரித்து அம்மா எல்லோரையும் உட்காரவைத்தாள். காப்பி கொடுத்துவிட்டு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச்சு தோட்டம், மழை, விலை என்று போய்த் திரும்பியது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டு, "எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஒங்க பக்கம் என்ன சொல்றீக?" என்றார்.

அப்பா அக்காவைப் பார்த்து, "ஆத்தா, சம்மதந்தான?" என்றார்.

வந்தவர்கள் முன்னால் ஒரு பெண் என்ன சொல்வாள்? அக்கா தலையைக் குனிந்தாள். அது சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் பாவாடைக்கு அடியில் என் பெருவிரலின்மேல் அவள் விரல் வந்து அழுத்தியது. ஒரு தரம். பிறகு இன்னொரு தரம், நகம் பதிய.

எப்போதும் அழுத்துவது நான், பேசுவது அவள். அன்று அவள் அழுத்தினாள்.

அப்பா பழக்கத்தை விடவில்லை. முகம் முகமாகப் பார்த்தார். மாமா தலையாட்டினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் என்னிடம் வந்து நின்றார். "சொல்ல இருக்கவுக சொல்லிருங்க" என்று அன்றும் சொன்னார். அக்கா படிக்கணுமாம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்களிடம் நிச்சயம் சொல்லியிருப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்தான். எனக்குப் பதினாலு வயது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எதிரே இருந்த டம்ளரில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அக்கா தலையில் பூ இருந்தது.

ஆவணியில் கல்யாணம். அவள் மலையேறிப்போன இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று மாமா, "ஏய் ஊமைக்கோட்டான், வெரசா அந்தப் பெட்டிய எடுத்துக் கொண்டா" என்றார். பரணுக்கு ஏறினேன். பாரம் அங்கேயே இருந்தது. கடைசித் தேதி எப்போதோ போயிருந்தது. யாரும் பார்க்குமுன் மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு இறங்கினேன்.

உட்கார்ந்தோம். முதல் தீப்பெட்டி சுற்றி வந்தது. "இனி ஒனக்கு யாருத்தா ஏலம் கேப்பா?" என்று மாமா கேலிக்குத்தான் கேட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அம்பது" என்றேன். என்னிடம் இருந்ததே ஐம்பது கொட்டைதான். பானைக்குள்ளிருந்து பேசியதுபோல் இருந்தது என் குரல். மாமாவுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. யாரும் கூட்டவில்லை.

"ஒரு தரம்" என்றார் அப்பா. "ரெண்டு தரம்." பிறகு வழக்கம்போல் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், என் பக்கத்தில் காலியாகக் கிடந்த அக்காவின் இடத்தில் பார்வையை நிறுத்திவிட்டார். மூன்றாம் தரம் சொல்லவே இல்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். அந்தப் பெட்டியை அதற்கப்புறம் யாரும் இறக்கவில்லை. இரண்டு வீடு மாறியதில் அதுவும் போயிற்று, பாரமும் போயிற்று.

இப்போது ஏலத்தில் சத்தமே கிடையாது என்கிறார்கள். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலையைப் பொத்தானில் அழுத்துகிறார்களாம். எனக்குத் தோதான தொழில்தான். என்ன, முப்பது வருஷம் பிந்தி வந்திருக்கிறது.

மகள் லீவில் இருந்த அதே வாரம் அக்கா கண் டாக்டரைப் பார்க்கக் கீழே இறங்கி வந்தாள். மலையிலேயே இருந்து இருந்து பேச்சில் மலையாளம் ஏறிவிட்டது. இன்னொரு கரண்டி சோறு வைத்தால், போதும் என்பதற்கு "மதி, மதி" என்று தடுக்கிறாள். அவளுக்கு நல்ல புருஷன், இரண்டு பையன்கள். காய் எடுக்கிற பெண்களில் எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது அவள்தான். புதுப் பெட்டியைப் பார்த்தாள். தொடவில்லை. முட்டி மடங்காது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். பூப்பாறை பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. நான் சொன்னேன்: "அக்கா, அன்னைக்கு நா சொல்லிருக்கணும்."

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"ஆமா. சொல்லிருக்கணும்" என்றாள். பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "ஒரு பத்து வருசம் ஒம்மேல கோவமாத்தான் இருந்தேன். காய் எடுக்கையில தனியாப் பேசுவேன், ஒன்னைய ஏசி. பெறகு பிள்ளைக, சோலி, அது இதுன்னு போயிருச்சு." பஸ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, இப்பச் சொல்லு பாப்போம்" என்றாள்.

"இப்பவா?"

"ஆமா. இங்ஙனக்குள்ளயே."

சுற்றிலும் ஆட்கள். கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். "அப்பா, அக்காவுக்கு இது வேணாமாம். அக்கா டீச்சருக்குப் படிக்கணுமாம்." நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. வேர்க்கடலை விற்கிறவர் திரும்பிப் பார்த்தார். "எந்தூருக்கும்மா போகணும்?" என்று கண்டக்டர் கேட்டார்.

அக்கா சிரித்தாள். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். "நல்லாத்தான்டி சத்தம் வருது ஒனக்கு" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பஸ்சில் ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் மலைப்பக்கம் திரும்புகிறவரை நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அப்பா போய் எட்டு வருஷம். அடுத்த வருஷமே அம்மா. மாமா போன கார்த்திகையில். பூ வைத்த அந்த அம்மாள் எப்போதோ போய்விட்டார். பாய் விரித்த வீட்டை இடித்து மேலேயும் கீழேயும் கடை கட்டியிருக்கிறார்கள். நான் சொன்னதைக் கேட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று வந்தவர்களை அனுப்பிவைக்க ஒருவரும் மிச்சமில்லை.