நடுக்கால் இல்லாத பலகை

பைன் கட்டையை அறுத்தால் இனிப்பும் டர்பன்டைனும் கலந்த ஒரு வாசனை வரும். ஒரகடம் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் "பொட்டிக் கட்டை" அது. நான் நான்காவது படிக்கும்போது, அப்பா பழைய மரக்கடையில் அதில் ஆறடிப் பலகை ஒன்றை வாங்கிவந்து, படப்பையில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை "லைன் வூட்டில்" பாத்திரம் வைக்க ஒரு "செல்ப்" செய்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். அதனால் இரு முனையிலும் கால் கொடுத்துப் பலகையை அதன்மேல் நிறுத்தினார்.

"நடுவுல ஒரு காலு குடுங்க, தொங்கிடும்" என்றாள் அம்மா.

"குடுத்தா தம்பி இடுப்புலதான் நிக்கும். அவன் எங்க படுப்பான்?" என்றார் அப்பா.

தம்பி என்றது என் சித்தப்பாவை. வாலாஜாபாத் பக்கத்திலிருந்து எங்களோடு தங்க வந்து, ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தவர். காலையில் வந்து படுக்கும் அவருக்கு, வாசல் வெயில் எட்டாத இடம் அந்தப் பலகையின் அடி ஒன்றுதான்.

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் பகல்தான் இரவு. "நைட் ஷிப்ட் ஆளு தூங்குது, மூச்சு வுடாத" என்று அம்மா கண்ணாலேயே மிரட்டுவாள். சத்தம் போடாமல் விளையாட எனக்கு இருந்தது ஒரு பச்சைக் கோலி. ஒரு நாள் அதைப் பலகையின் முன்விளிம்பில், ஒரு முனையில் வைத்தேன். யாரும் தொடாமலே உருண்டுபோய், நடுவில் அம்மா வைத்திருந்த மாதா சுரூபத்தின் முன்னால் நின்றது. மறுமுனையிலிருந்து வைத்தாலும் அங்கேயே போய் நின்றது. மாதா கூப்பிடுகிறார் என்று நான் நம்பினேன். சொன்னால் அற்புதம் நின்றுவிடும் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். நாளாக ஆகக் கோலி வேகமாக ஓடியது. என் ஜெபம்தான் பலித்துவருகிறது என்று பூரித்துப்போனேன்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், ஒரு மத்தியானம் பலகை ஒரு கணுவில் முறிந்தது. அரிசி டின் சித்தப்பாவின் வலது கையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சுரூபம் அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி, கீறல்கூட இல்லாமல் கிடந்தது. "மாதாதான் காப்பாத்துனாங்க" என்று அம்மா அழுதாள். பலகையைக் கீழே இழுத்ததே மாதாதானோ என்று நான் நடுங்கினேன். பல வருடம் அந்த முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விரல் போன ஆளைக் கம்பெனி மறுபடி மெஷின் லைனில் நிறுத்தவில்லை. சித்தப்பா ஊருக்கே திரும்பிப் போனார்.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம், கோலி ஓடியதை, நான் வாயை மூடிக்கொண்டதை எல்லாம் அவரிடம் சொல்லி அழுதேன். அவர் சிரித்தார்.

"நீ மேல பாத்த. நான் கீழ படுத்துகினு பாத்தேன். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிகினே வந்துச்சி. சொன்னா அண்ணன் நடுவுல காலு வச்சிருப்பாரு. அப்பறம் நான் எங்க போய்ப் படுக்கறது?"

பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். கூடிவிட்டது. அப்பாவுக்கும் தெரிந்திருக்குமோ என்று கேட்க, அப்போது அப்பா இல்லை.

அந்த லைன் வீடுகளும் இன்று இல்லை. அங்கே டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரகடத்தில் நாங்கள் வாங்கிய வீட்டில் போன மாதம் புத்தகத் தட்டு அடிக்க வந்த தச்சரிடம், நடுவில் கால் வைத்தே ஆக வேண்டும் என்று கிட்டத்தட்டச் சண்டையே போட்டேன். "காலு எதுக்குமா? முன்னால அடியில ஒரு ரீப்பர நெட்டுக்குத்தா அடிச்சா போதும். எத்தினி வருசம் ஆனாலும் தொங்காது" என்று இரண்டு விரல் அகலச் சட்டம் ஒன்றைப் பலகையின் நீளத்துக்கும் அடித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். தட்டு நிறையப் புத்தகத்தை அடுக்கி, முன்விளிம்பில் அந்தப் பச்சைக் கோலியை வைத்தேன். வைத்த இடத்திலேயே நின்றது. அவர் குனிந்து, மூன்று விரல் கையால் அந்த ரீப்பரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தார்.

"இம்மாத்தூண்டு கட்டையாம்மா?" என்றார்.