பறவைகள் நலம் என்றேன்

இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பக்கம், ஒரு முதியவரைப் பராமரிப்பது என் வேலை. சிஞ்ஞோரே, அதாவது ஐயா என்றுதான் கூப்பிடுவேன். இளவயதில் மடகஸ்கர் தீவில் மரம் வெட்டும் கம்பெனி ஒன்றில் புல்டோசர் ஓட்டியவர். காட்டுக்குள் லாரிகள் போகப் பாதை திறந்தவர்.

போன குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோதுதான் அங்கே கண்ட சில பறவைகளைப் பற்றிச் சொன்னார். புறா அளவு இருக்கும், மார்பில் புள்ளிகள். இறக்கை உண்டு, ஆனால் பறப்பது அபூர்வம். தாய், தகப்பன், குஞ்சு என்று குடும்பமாகச் சருகில் நடந்து திரியும். ஆபத்து வந்தால் ஓடாது. அசையாமல் நின்றுவிடும்.

"ஒரு குடும்பம் என் முன்னால் நின்றது. ஓடிவிடும் என்று நினைத்தேன். எஞ்சினை நிறுத்தவில்லை" என்றார். பிறகு, "இப்போது அவை இருக்கின்றனவா? உன் போனில் பார்" என்றார்.

பார்த்தேன். மெசைட் என்று பெயர். அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. காடு எரிந்தும் வெட்டுப்பட்டும் குறைந்துகொண்டே போவதால் அவையும் அழிந்துவருகின்றனவாம். இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"பாவம் மனுசன். நல்லா இருக்கு எண்டு சொல்லுங்கோவன். அவர் என்ன, போய்ப் பாக்கப் போறாரே?" என்றாள்.

அடுத்த நாள் அப்படியே சொன்னேன். காட்டுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள், பறவைகள் பெருகிவிட்டன என்று நானாகவும் கொஞ்சம் சேர்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சில நாட்களில் காய்ச்சலும் விட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெயில் வந்த பிறகு ஒரு பெண் அவருக்குப் போன் எடுத்தாள். அந்தப் பறவைகளை ஆராய்பவள். அவருடன் வேலை செய்த ஒருவர் நம்பர் கொடுத்தாராம். முன்பு அவற்றை எங்கெங்கே கண்டார் என்று சொன்னால் அங்கே போய்த் தேடலாம் என்றாள்.

"அவைதான் பெருகிவிட்டனவே, பழைய கதை எதற்கு?" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் மறுபடியும் எடுத்தாள். நான் குசினியில், அடுப்புப் பக்கம் நின்று பேசினேன். "பெருகிவிட்டன என்றாரே, எந்தக் காட்டில்? எங்களுக்குத் தெரியாத இடம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த ஆசை என்னைக் கொன்றது. உண்மையைச் சொல்லிவிட்டேன். பிறகு அறைக்குள் போய் அவரிடமும் சொன்னேன்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் கையை நீட்டிப் போனைக் கேட்டார். அவள் நம்பரை அழுத்திக் கொடுத்தேன். ஆற்று வளைவு, செம்மண் மேடு, பாதை பிரியும் இடம் என்று நெடுநேரம் அவளுக்குச் சொன்னார். அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் நான் குசினிக்குப் போய், காதில் விழாதபடி பைப்பைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் காலை முகம் மழிக்கும்போது மன்னிப்புக் கேட்டேன்.

"நீ அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை" என்றார்.

பிறகு மற்றக் கன்னத்தைக் காட்டினார். மெதுவாக மழித்து முடித்தேன்.