தெற்கு முறியிலிருந்து ஒரு “வாறேன்”

இது கட்டுக்கதை இல்லை. பாறசாலையில் மோகனன் வீட்டில் நடந்தது. பேய் என்றாலே விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள் அந்த மோகனன். அவன் சிரிப்பை விட்ட கதைதான் இது. தனியாக இருக்கிறவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

தொண்ணூற்று நாலு, ஓண லீவு. மோகனனின் அக்கா விஜயம்மா பம்பாயிலிருந்து வந்திருந்தாள். பழைய இடம் ஒன்று விடாமல் ஒரே நாளில் பார்த்தாக வேண்டும் அவளுக்கு. காலில் சக்கரம் கட்டினவள், விடுவாளா? ஜீப் பிடித்துக் கிளம்பினார்கள். மோகனன், விஜயம்மா, மோகனனின் மனைவி பிரேமகுமாரி, மகள் அமிர்தா. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பிள்ளை. கண்ணில் படாவிட்டால் பிரேமகுமாரிக்குக் கை கால் ஓடாது.

காலையில் பத்மநாபபுரம் அரண்மனை. ஒரே தள்ளுமுள்ளு. அங்கிருந்து நெய்யாற்றின்கரைக்கு ஓடினால், கோயில் நடை அடைத்துவிட்டார்கள். “அப்போ இன்னும் ஒண்ணு பாத்துட்டுப் போவோம்” என்றாள் விஜயம்மா.

அந்த ‘இன்னும் ஒண்ணு’தான் வினையாகிவிட்டது. திருப்புறம் தாண்டி ஒரு பழைய கொட்டாரம், ராஜா காலத்துச் சின்ன அரண்மனை. பெயர் வேண்டாம். பார்க்க வந்தவர்கள் இவர்கள் மட்டும்தான். காவல்காரர் பொன்னையன் கதவைத் திறந்துவிட்டார்.

“எல்லாம் பாத்துக்கிடுங்க. தெக்கு முறிக்கு மட்டும் போவாண்டாம். தரை சரியில்ல ஆக்கும்.”

எந்தக் குழந்தை சொன்னதைக் கேட்டிருக்கிறது? தூணில் இருந்த சிற்பத்தைப் பார்த்துவிட்டுப் பிரேமகுமாரி திரும்பினால் அமிர்தாவைக் காணோம். தேடி ஓடினாள். தெற்கு முறியின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே அரை இருட்டு. முண்டும் நேரியதும் உடுத்த ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் அமிர்தா, கையைக் கட்டிக்கொண்டு. கூட்டிப் பெருக்க வந்தவள் என்று நினைத்தாள் பிரேமகுமாரி. பிள்ளை கிடைத்த நிம்மதியில் வேறு எதுவும் தோன்றவில்லை.

“உனக்க பிள்ளையா?” என்றாள் அவள்.

“ஆமா.”

“நல்ல பிள்ளை.”

பிரேமகுமாரி மகளின் கையைப் பிடித்து வெளியே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் மறுபடி கேட்டது.

“வாறேன்.”

“சரிம்மா” என்றாள் பிரேமகுமாரி. வாய்ப்பழக்கம்.

ஜீப் கிளம்பியது. பின் சீட்டில் மூன்று பேர்தான். ஆனாலும் விஜயம்மா நெளிந்துகொண்டே வந்தாள்.

“என்ன இடி இடிக்கிய பிரேமா? கொஞ்சம் தள்ளி இரி.”

பிரேமகுமாரி ஏற்கெனவே கதவோரம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தாள். நடுவில் அமிர்தா. எங்கிருந்தோ பழைய எண்ணெய் நாற்றம்... சிக்குப் பிடித்த தலையில் அடிக்குமே, அது. அப்போதுதான் மகளின் தலையைப் பார்த்தாள்.

காலையில் இரட்டைச் சடை போட்டுவிட்டிருந்தாள். கொட்டாரத்தை விட்டு வரும் வழியில் டீக்கடையில் இறங்கியபோதுகூட ரிப்பன் இருந்தது. இப்போது இடது பக்கம் சரித்து ஒரு கொண்டை. அந்தக் காலத்துக் கொண்டை.

“இது ஆரு போட்டது?”

“அந்த அம்மா.”

“எப்போ?”

“இப்போதான்.”

பிரேமகுமாரி மகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ‘வாறேன்’ என்று யார் சொல்வார்கள்? புறப்படுகிறவர்கள். அங்கேயே இருக்கிறவள் எதற்குச் சொன்னாள்? அதற்குத் தானும் சரி என்று சொல்லிவிட்டோமே... 

வீடு வந்தபோது அந்தி மயங்கிவிட்டது. விஜயம்மா நேரே குளிக்கப் போனாள். அமிர்தா நடையிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா, அவங்கள வான்னு சொல்லு. சொன்னாத்தான் உள்ள கேறுவாங்களாம்.”

மோகனன் ரோட்டில் ஜீப்காரருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தான். கேட்டருகே யாரும் இல்லை.

பிரேமகுமாரி மகளை வாரித் தூக்கினாள். உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டாள். பிள்ளையை அறைக்குள் விட்டுவிட்டு வந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். சொல்லமாட்டேன். செத்தாலும் சொல்லமாட்டேன்.

வெளியே ஜீப் போகும் சத்தம்.

கேட் திறந்தது. கிரீச்...

பிறகு மோகனனின் குரல். விருந்தாளியைக் கண்டால் வருமே, அந்தக் கலகலப்பு.

“ஏன் அங்கயே நிக்கிறீங்க? கேறி வாங்க!”

பிரேமகுமாரி அலறினாள். கதவைத் திறந்தாள். மோகனன் மட்டும் நின்றான்.

“ஆரைக் கூப்பிட்டீங்க?”

“கொட்டாரத்துல இருந்து ஒரு அம்மா... நீ சரின்னு சொன்னியாமே?”

“எங்க?”

“எனக்க முன்னாடில்லா கேறினாங்க...”

உள்ளறையில் அமிர்தா சிரித்தாள். தனியாக இல்லை. பேசிப் பேசிச் சிரித்தாள்.

அடுத்த வாரம் மோகனன் கொட்டாரத்துக்குப் போனான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. பொன்னையனே சொன்னார். தெற்கு முறியில் வருஷக்கணக்காக ஒரு பெண் அழுதுகொண்டு நடக்கும் சத்தம் கேட்குமாம். அவளுடைய பிள்ளை கொட்டாரத்துக் குளத்தில் மூழ்கிப் போய்விட்டதாம். இவர்கள் வந்துபோன நாளிலிருந்து ஒரு அனக்கமும் இல்லையாம்.

பொன்னையன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார்.

“பிள்ளை கெடச்சாச்சு போல, சாரே.”