கிளி கழுத்தைக் கொடுத்த பக்கம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது கட்டிவிட்ட கதை இல்லை. என் அக்காவுக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிடும். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போகிறவள். இப்போது அப்படிப் போவதில்லை.

அக்கா வீட்டிலேயே துணி தைக்கிறாள். மாமா லாரி ஓட்டுகிறார். பாதி நாள் ரோட்டில்தான். ஒரே மகள், ஏழு வயது. இருக்கிற உயரத்துக்குச் சுண்டு என்று பெயர். புது வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து விளையாட ஆள் இல்லாமல் சுண்டு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை ஏங்கிப்போய்விடுமோ என்று அக்காவுக்குப் பயம். அதனால்தான் கிளி வாங்கினாள்.

பறவைக் கடைக்காரர் நன்றாகத்தான் சொல்லி அனுப்பினார். "வீட்டுல பொறந்து வளர்ந்த கிளிம்மா. ஆனா இடம் புதுசு, மெரளும். மொதல்ல பக்கத்துல சும்மா உக்காருங்க. அப்புறம் கையால தீனி குடுங்க. கடைசியாத்தான் தொடணும். கழுத்தச் சொறியக் குடுத்துடுச்சுன்னா, அது உங்க ஆளு."

கூண்டைத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள் அக்கா. கூண்டுக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் காலி இடம். அதற்கப்பால் உள்ளறைக்குப் போகும் வழி. கிளி படுத்தி எடுத்தது. தீனி நீட்டிய விரலைக் கடித்து ரத்தம் வரவைத்தது. சுண்டு கிட்டே போனால் கூண்டே அதிரும்படி கத்தியது. கிண்ணத்தில் போட்ட தினை அப்படியே கிடந்தது. செத்துத் தொலையப் போகிறதே என்று அக்கா கவலைப்பட்டாள்.

மூன்றாம் நாள் கூண்டுக்கு அடியில் பெருக்கினாள். சூரியகாந்தி விதையின் தோல் கிடந்தது, ஒரு கைப்பிடி. எல்லாம் அந்தக் காலிப் பக்கத்தில்.

அக்கா வீட்டில் சூரியகாந்தி விதையே கிடையாது.

"நீ குடுத்தியாடி?"

"நான் கிட்டவே போகலம்மா."

பள்ளியில் எவளாவது கொடுத்திருப்பாள், திட்டுக்குப் பயந்து மறைக்கிறாள் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மதியம், மூன்றரை மணி இருக்கும். சுண்டு பள்ளியில். மாமா வெளியூரில். நல்ல வெயில். அக்கா ஒரு சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். நூல் அறுந்தது. கோக்கத் தலையை நிமிர்த்தினாள்...

கிளி அந்தப் பக்கக் கம்பியில் ஒட்டிக்கொண்டு நின்றது. தலையைக் குனிந்து, கண்ணைச் செருகி, கழுத்தைக் கம்பிக்கு வெளியே கொடுத்துக்கொண்டு நின்றது.

அங்கே யாரும் இல்லை.

பிறகுதான் இறகைப் பார்த்தாள். கழுத்து இறகு பிரிந்தது... மூடியது... மறுபடியும் பிரிந்தது. காற்று இல்லை. மின்விசிறியும் ஓடவில்லை. ஒரு விரல் அளவுக்கு மட்டும், மேலும் கீழுமாக, இறகு விலகிக்கொண்டே இருந்தது.

க்ர்ர்... க்ர்ர்... என்று கிளி சுகமாக முனகியது.

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். மடியில் இருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

டங்!

இறகு நின்றுவிட்டது.

கிளி கண்ணைத் திறந்தது. அக்காவைப் பார்க்கவில்லை. எதையோ பார்த்தது. அதன் தலை மெதுவாகத் திரும்பியது. கூண்டிலிருந்து... மெஷினைச் சுற்றி... அக்காவின் முதுகுப் பக்கம்...

அங்கே நின்றது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் பள்ளி வேனின் ஹாரன். சுண்டு உள்ளே ஓடி வந்தாள். கிளியின் தலை சட்டென்று வாசல் பக்கம் போனது. சுண்டு உள்ளறைக்கு நடந்தாள். கிளியின் பார்வையும் கூடவே போனது.

ஆனால் சுண்டுவின் மேல் இல்லை. அவளுக்கு ஒரு அடி பின்னால்.

அன்று சாயங்காலமே கூண்டைக் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள் அக்கா. "கழுத்தெல்லாம் குடுத்துச்சு, ஆனா எங்களுக்கு வேண்டாம். பணம்கூட வேண்டாம், எடுத்துக்குங்க." பீடை ஒழிந்தது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

நான்கு நாள் கழித்துக் கடைக்காரர் போன் செய்தார்.

"உண்மையச் சொல்லிடறேம்மா. அது வீட்டுக் கிளி இல்ல. தோப்புல வலை போட்டுப் பிடிச்சது. அது மேல மனுசக் கை பட்டதே இல்ல. இங்க எல்லாரையும் கடிச்சுக் கொதறுது. உங்க வீட்டுல கழுத்தக் குடுத்துச்சுன்னீங்களே... யாரும்மா பழக்குனது?"

அக்கா போனை வைத்தாள். கூண்டோடு போனது கிளி மட்டும்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சுண்டு விளையாடிக்கொண்டிருந்த உள்ளறையில் சத்தமே இல்லை.

ஓடினாள்.

சுண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். குனிந்த தலை. மூடிய கண். உதட்டில் சிரிப்பு.

பிடரி முடி மட்டும்... பிரிந்தது... மூடியது...

அன்றிரவே வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். அது என்ன, யார், எதற்கு... இன்றுவரை தெரியாது. வேறு ஊர், வேறு வீடு. அக்கா இப்போதும் படுக்கும்போது தன் மணிக்கட்டையும் சுண்டுவின் மணிக்கட்டையும் ஒரு துணிப்பட்டையால் சேர்த்துக் கட்டிக்கொள்கிறாள். போன வாரம் நான் அங்கே போயிருந்தேன். அவள் கட்டும்போது பக்கத்தில்தான் இருந்தேன்.

சுண்டு அரைத் தூக்கத்தில் சொன்னாள்.

"அவங்க கையையும் சேத்துக் கட்டும்மா."