கைக்குள் ஒரு ஊர், வாசலில் ஸ்டெல்லா அக்கா

லீவில் வந்திருக்கும் என் வீட்டுக்காரர், துபாயிலிருந்து கொண்டுவந்த கையடக்க கேமில் ஒரு ஊரையே உருவாக்கி, நாள் முழுக்க அதில் வாழ்கிறார்.

இன்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்தார்.

"மோளுக்க கல்யாணம் விளிக்க வந்தேன் மக்கா. ரெண்டுபேரும் வரணும்."

அழைப்பிதழைப் புருஷனும் பெண்டாட்டியும் எழுந்து நின்று வாங்குவதுதான் இங்கே மரியாதை. நான் எழுந்தேன். இவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அக்கா அதை என் கையில் கொடுத்துவிட்டு, காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

"எந்திரிச்சு வாங்கப்பிடாதா?" என்றேன்.

"இந்த கேமுல தெனமும் வீடுவீடா போய்ப் பேசணும் ஏட்டி. இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரன் கோவிச்சிட்டு ஊர விட்டே போயிருவான்."

அடுத்த மாதம் இவர் விமானம் ஏறிவிடுவார். அப்புறம் எனக்கு நெஞ்சு வலித்தால், கருங்கல்லில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அந்த கேம் ஊரிலிருந்து யார் வருவார்கள்? விளையாடுகிறவர்கள் சொல்லுங்கள்.